அட்டவணையில் ரோம், கப்பல் நிற்பது வேறு ஊரில்!

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் அம்மாவோடு மத்தியதரைக் கடலில் 7 இரவு குரூஸ் போகலாம் என்றிருக்கிறேன், பார்சிலோனாவில் ஏறி. அட்டவணையில் ‘ரோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மேப்பில் பார்த்தால் துறைமுகம் சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்! புளோரன்ஸும் அப்படித்தான், இறங்குவது லிவோர்னோவில். காலை 7 மணிக்கு இறங்கினால் மாலை 6-க்குள் கப்பலில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

ரயிலில் சொந்தமாகப் போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? துறைமுக வாசலிலிருந்து ஸ்டேஷனுக்கு எவ்வளவு நடக்க வேண்டும்? நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அதனால் கப்பல்காரர்களின் டூரையே எடுத்துவிடலாமா? இணையத்தில் படித்ததில் பாதி விளம்பரம்போலவே இருக்கிறது. நேரில் போனவர்கள் சொன்னால் நம்பிப் பணம் கட்டுவேன்.