சென்னை–மதுரை எம்பிஎல்எஸ் லிங்க்: ரூட்டர்களுக்கு இடையே தாமதம், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) சரியாக அளப்பது எப்படி?

கேள்வி:
சென்னை ஹெட் ஆபீஸில் 50 எம்பிபிஎஸ், மதுரை கிளையில் 4 எம்பிபிஎஸ், நடுவில் புரவைடரின் எம்பிஎல்எஸ் (அலுவலகங்களை இணைக்கும் தனி நெட்வொர்க்). இரு பக்கமும் சிஸ்கோ ஐஎஸ்ஆர் ரூட்டர், ஐபி போன்களில் குரலைச் சுருக்கும் கோடெக் ஜி.729. வேலை நேரத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது, மதுரையில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம். சென்னையிலிருந்து மதுரை ரூட்டருக்கு பிங் போட்டால் 12 எம்எஸ், சில நேரம் 180 வரை ஏறுகிறது. லிங்க்கில் பிரச்சினை இல்லை என்கிறார் புரவைடர். எதை அளந்து காட்டினால் ஏற்பார்கள்? போகும் திசை, வரும் திசை இரண்டையும் தனியாகப் பார்க்க முடியுமா?

பதில் 1:
ரூட்டரின் முகவரிக்கே போடும் பிங்கை ஆதாரமாக வைக்காதீர்கள். ரூட்டரைக் கடந்து போகும் பாக்கெட்டுக்கு ஃபார்வர்டிங் பாதை தனி. ரூட்டருக்கென்றே வரும் ஐசிஎம்பிக்கு (பிங் அனுப்பும் செய்தி) பதில் சொல்வது அதன் சிபியு. மற்ற வேலைகளுக்குப் பிறகுதான் அதைக் கவனிக்கும். டிரேஸ்ரூட்டில் நடு ஹாப் (வழியில் உள்ள ரூட்டர்) ஒன்று 200 காட்டி, அடுத்த ஹாப் 12 காட்டுவதும் இதனால்தான்.

ஐபி எஸ்எல்ஏ (சிஸ்கோ ரூட்டரே சோதனைப் பாக்கெட் அனுப்பி அளக்கும் வசதி) போடுங்கள். மதுரை ரூட்டரில் ‘ஐபி எஸ்எல்ஏ ரெஸ்பாண்டர்’ என்ற ஒரு வரி போதும். சென்னையில் யுடிபி ஜிட்டர் ஆபரேஷன், போர்ட் 16384, சோர்ஸ் ஐபியாக வாய்ஸ் விலான் (போன்களுக்கான தனி நெட்வொர்க்) முகவரி. ரெஸ்பாண்டர் தன்னிடம் பாக்கெட் வந்த நேரம், திரும்ப அனுப்பிய நேரம் இரண்டையும் எழுதி அனுப்பும். அந்த இடைவெளி மொத்தத்திலிருந்து கழிக்கப்படுவதால் மதுரை சிபியுவின் மந்தம் போய்வரும் நேரமான ஆர்டிடியில் கலக்காது.

டிஃபால்ட்டை அப்படியே விடாதீர்கள். 10 பாக்கெட், 20 எம்எஸ் இடைவெளி, 60 விநாடிக்கு ஒருமுறை என்றால் ஒரு நிமிடத்தில் கால் விநாடிகூடப் பார்க்கவில்லை. கோடெக் ஜி729ஏ என்று கொடுத்தால் 1000 பாக்கெட், அதாவது 20 விநாடி ஓடும். ஐபி அளவில் 60 பைட் வீதம் விநாடிக்கு 50 பாக்கெட், 24 கேபிபிஎஸ்தான். 4 எம்பிபிஎஸ் லிங்க் தாங்கும். நடுவில் ஆக்சஸ் லிஸ்ட் (பாக்கெட்டுகளை வடிகட்டும் விதிகள்) இருந்தால் யுடிபி 1967ஐயும் திறக்க வேண்டும். கண்ட்ரோல் மெசேஜ் அதில்தான் போகிறது. அது அடைபட்டால் டெஸ்ட் தொடங்கவே தொடங்காது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் 180ஐ முழுக்க சிபியு தலையில் கட்ட வேண்டாம். 1500 பைட் பாக்கெட் 4 எம்பிபிஎஸ் லிங்க்கில் ஏற 3 எம்எஸ். முன்னால் 60 பாக்கெட் நின்றால் 180 எம்எஸ், கணக்கு சரியாகத்தான் வருகிறது. ரூட்டருக்குப் பின்னால் உள்ள ஒரு பிசிக்கும் சேர்த்து பிங் போடுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் க்யூ, ரூட்டர் மட்டும் ஏறினால் சிபியு. ஃபைபரில் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோவிநாடிதான். கேபிள் 600 கிமீ சுற்றிப் போனாலும் போய்வர 6 எம்எஸ். அதற்கு மேல் உள்ளதெல்லாம் க்யூவும் கருவிகளும்.

இன்னொன்று, மார்க்கிங் (பாக்கெட்டின் முன்னுரிமையைக் காட்டும் குறி). ப்ரோபுக்கு (சோதனைப் பாக்கெட்) மார்க்கிங் கொடுக்காவிட்டால் அது டேட்டா க்யூவில் போய் நிற்கும். குரலைப் பற்றி எதுவும் சொல்லாது. டாஸ் (ஐபி ஹெடரில் குறி எழுதும் பைட்) மதிப்பு 184 கொடுங்கள். குரலுக்கான இஎஃப் குறி என்பது டிஎஸ்சிபி (டாஸ் பைட்டின் முதல் ஆறு பிட்) 46 என்பதால் பலர் டாஸிலும் 46 என்றே போடுகிறார்கள். அது டிஎஸ்சிபி 11 ஆகிவிடும், எந்த கிளாஸிலும் சேராமல் டிஃபால்ட்டில் விழும்.

கேட்டவர்:
நன்றி சார். டாஸ் 184, கோடெக் ஜி729ஏ போட்டு மதியம் ஓட்டினேன். எஸ்டி (போகும் திசை) ஜிட்டர் அதிகபட்சம் 58 எம்எஸ், எஸ்டி லாஸ் 1000க்கு 23. டிஎஸ் (வரும் திசை) ஜிட்டர் அதிகபட்சம் 4, லாஸ் 0. ஒன்-வே தாமதம் மட்டும் எல்லாம் 0 என்றே வருகிறது. என்டிபி (இரு ரூட்டர் கடிகாரங்களையும் ஒத்திசைப்பது) போட்டால் வருமா?

பதில் 1:
வரும், ஆனால் அதை அதிகம் நம்பாதீர்கள். போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும் என்று எடுத்துக்கொண்டுதான் என்டிபி கணக்கிடுகிறது. ஒரு திசை மட்டும் 40 எம்எஸ் அதிகமாக இருந்தால் கடிகாரமே 20 எம்எஸ் தள்ளிப்போகும். அந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தால் இரு திசையும் சமமாகத் தெரியும், அதாவது நீங்கள் தேடும் வித்தியாசமே மறைந்துவிடும். துல்லியம் வேண்டுமென்றால் இரு பக்கமும் ஜிபிஎஸ் அல்லது பிடிபி (என்டிபியைவிடத் துல்லியமான நேர ஒத்திசைவு) தேவை. உங்களுக்கு அது தேவையில்லை. ஜிட்டர் என்பது அடுத்தடுத்த பாக்கெட்டுகளின் வித்தியாசம் என்பதால் கடிகாரப் பிழை கழிந்துவிடும். லாஸ் வரிசை எண்ணிலிருந்து கிடைக்கிறது. திசை ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

பதில் 3:
பின்னாளில் ஒரு பக்கம் ஜூனிபரோ நோக்கியாவோ வந்தால் சிஸ்கோ ரெஸ்பாண்டர் உதவாது. அப்போது எல்லா நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவான அளவீட்டு முறையான டிவாம்ப் (ஆர்எஃப்சி 5357, 2008) பாருங்கள், கண்ட்ரோல் போர்ட் டிசிபி 862. ஜூனிபரின் சொந்த அளவீட்டு வசதியான ஆர்பிஎம் என்றால் ஹார்ட்வேர் டைம்ஸ்டாம்பை ஆன் செய்யாமல் எண்களை எடுக்காதீர்கள்.

பதில் 2:
எஸ்டி என்றால் சென்னையிலிருந்து மதுரைக்கு. 50இலிருந்து 4க்கு இறங்கும் இடம் புரவைடரின் பிஇ ரூட்டர் (மதுரை லிங்க் இணையும் விளிம்பு ரூட்டர்), நெரிசல் அங்கே. உங்கள் சென்னை போர்ட் 50இல் நிரம்பவே இல்லை. அதனால் அங்கே எல்எல்க்யூ (குரலை முன்னால் விடும் க்யூ) எழுதி வைத்திருந்தாலும் அது வேலைக்கே வராது.

முதலில் மதுரை வான் போர்ட்டில் இன்புட் பாலிசி மேப் (பாக்கெட்டுகளை வகை பிரிக்கும் விதி) ஒன்று வைத்து, இஎஃப் மேட்ச் கவுண்டரைப் பாருங்கள். சென்னை அனுப்பிய எண்ணிக்கை அங்கே வராமல் டிஃபால்ட் கிளாஸ் ஏறினால், வழியில் மார்க்கிங் அழிகிறது. புரவைடரிடம் காட்ட வேண்டியது அந்த இரண்டு கவுண்டர்களும் எஸ்டி லாஸும்தான், பிங் அல்ல. மார்க்கிங் அழியாமல் வந்தும் லாஸ் இருந்தால், பிஇ எக்ரெஸில் (மதுரைக்கு வெளியேறும் பக்கம்) உங்கள் இஎஃப் கிளாஸுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு மேல் போகும் இஎஃப் பெரும்பாலும் டிராப்தான்.

அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். சென்னையில் மதுரை சப்நெட்டுக்கு மட்டும் ஒரு கிளாஸ், 3.8 எம்பிபிஎஸ் ஷேப்பர் (அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), அதற்குள் சைல்ட் பாலிசியில் இஎஃப் பிரயாரிட்டி. க்யூ உங்கள் ரூட்டருக்கு வந்துவிடும், குரல் முன்னால் போகும். முழு 4 வைக்காதீர்கள்: ஈதர்நெட் ஃப்ரேம்களுக்கு இடையே வரும் பிரீஆம்பிள், இன்டர்ஃப்ரேம் கேப் இரண்டும் ஷேப்பர் கணக்கில் வராது, புரவைடர் கணக்கில் வரலாம். மற்ற கிளைகளிலிருந்து நேராக மதுரைக்கு டேட்டா போகிறதென்றால் 3.8உம் அதிகம், இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.