மறு: ‘மறுபதிவு’ வேண்டாம், ‘மீளிசைப் பதிவு’ என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய படம் ஒன்றின் பின்னணி இசையை, இசைக்குறிப்பை எடுத்துவைத்து இன்னொரு வாத்தியக் குழு புதிதாக வாசித்து இசைத்தட்டாக வெளியிடுகிறது. இதைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு, ‘மறுபதிவு’ போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை.

முதல் தடை நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘ரீரெக்கார்டிங்’ என்றால், வெட்டித் தொகுத்த படத்தை ஓடவிட்டுப் பார்த்துப் பின்னணி இசை சேர்க்கும் வேலை. ஹாலிவுட்டில் அதே சொல்லுக்கு வசனம், இசை, பிற ஒலிகள் மூன்றையும் கலந்து முடிப்பது என்று பொருள். ‘மறுபதிவு’ என்று எழுதினால் தமிழ் வாசகர் முதலில் நினைப்பது இளையராஜாவின் ஆர்மோனியத்தைத்தான், ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரோகோஃபியெவை அல்ல.

இரண்டாவது தடைதான் எனக்கு முக்கியம். ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்து, ப்ரோகோஃபியெவ் இசையமைத்த ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ (1938) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கிக்கு மிக நெருக்கமாகப் பித்தளைக் கொம்புகளை ஊதவைத்தால் ஒலி சிதைந்து கரகரக்கும் என்று ப்ரோகோஃபியெவுக்குத் தெரியும். அந்தக் கரகரப்பையே, படத்தில் ரஷ்யாமீது படையெடுத்து வரும் ஜெர்மானிய டியூட்டானிக் படைவீரர்களின் கொடூரத்துக்குப் பயன்படுத்தினார். படத்தின் ஒலித்தடம் மெலிந்தது. கூட்டுப் பாடகர்களின் குரல்கள் ஒன்றோடொன்று நசுங்கிக் கேட்கும். இன்றைய குழு அதே குறிப்பை வாசிக்கும்போது மணிகளும் கீழ்ச்சுரத் தந்தி வாத்தியங்களும் அகலமாக விரிகின்றன. ஆனால் வேண்டுமென்றே செய்த அந்தச் சிதைவு குறிப்பேட்டை மட்டும் பார்த்து வாசிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆக, இங்கே திரும்ப நிகழ்வது பதிவு மட்டுமல்ல, இசைப்பு. சொல்லிலும் இசைப்பு இருக்க வேண்டும்.

அதனால் ‘மீளிசைப் பதிவு’ என்று முன்வைக்கிறேன். மீள் + இசை. ‘மீ’ நெடில் என்பதால் ளகரம் இரட்டிக்காது. ‘மீள்ளிசை’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மீண்ட, மீள்கின்ற, மீளும் இசை என்று வினைத்தொகையாக விரித்தால் மூன்று காலத்துக்கும் பொருந்துகிறது. ‘மீட்டிசை’ என்ற யோசனையும் வந்தது. கேட்க அழகுதான், ஆனால் வீணை மீட்டுவது குறுக்கே வந்து நிற்கும்.

படத்துக்காக அன்று பதிவானதை ‘மூலத்தடம்’ என்றே அழைக்கலாம். இசையமைப்பாளர் தாமே கச்சேரி மேடைக்கென மாற்றி எழுதியது இவ்விரண்டிலும் சேராது. நெவ்ஸ்கி இசையிலிருந்து 1939இல் ஏழு பகுதிகள் கொண்ட கான்டாட்டா (பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து மேடையில் நிகழ்த்தும் படைப்பு) பிறந்தது. ‘ஸ்காட் ஆஃப் தி அண்டார்க்டிக்’ (1948) படத்துக்கு எழுதியதிலிருந்து ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் தம் ஏழாம் சிம்பொனியை உருவாக்கினார். 1953 ஜனவரியில் மான்செஸ்டரில் இசை நடத்துநர் பார்பிரோலி அதை அரங்கேற்றினார். இவற்றை ‘மேடை வடிவம்’ என்றால் போதும். இந்த மூன்றையும் ‘பின்னணி இசைப் பதிவு’ என்று ஒரே பெயரில் எழுதிய விமரிசனத்தை நம்பி, படத்தின் முழு இசை என்று நினைத்து நான் கான்டாட்டாவை வாங்கி வந்திருக்கிறேன்.

ஓர் எதிர்வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். வான் வில்லியம்ஸ் அந்தப் படத்துக்கு எழுதியதில் கணிசமான பகுதி படத்தில் இடம்பெறவே இல்லை. பின்னாளில் அப்பகுதிகளை வாசித்துப் பதிவு செய்தபோது, ஒருமுறையும் ஒலிக்காத இசை ‘மீண்டது’ என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். அவற்றுக்கு ‘முதற்பதிவு’ என்றே பெயர் இருக்கட்டும். ஒரே இசைத்தட்டில் இரண்டும் கலந்திருந்தால் உறைக்குறிப்பில் பகுதிவாரியாகப் பிரித்து எழுதலாம்.

ஒரு படத்தின் இசைப்பகுதிகள் சிலவற்றைத் தேர்ந்து வரிசையாகக் கோக்கும் ‘சூட்’ (suite) என்பதற்கு ‘இசைக்கோவை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அச்சொல்லை வாத்திய அமைப்பைக் குறிக்கப் பலர் ஏற்கெனவே ஆள்கிறார்கள். ‘இசைத்தொடையல்’ எப்படி இருக்கிறது? தொடையல் என்றால் மாலை. தனித்தனிப் பூக்களாக இருக்கும் படக்காட்சி இசையை ஒரு நாரில் தொடுப்பதுதானே அந்த வேலை. சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ‘கேட்ஃபிளை’ (1955) பட இசையை அப்படித் தொடுத்தவர் லெவோன் அதோவ்மியான். தொடுப்பவர் வேறொருவராக இருந்தாலும் இந்தச் சொல் தாங்குகிறது. இதற்கும் உங்கள் கருத்து வேண்டும்.