பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது குடியிருப்போர் எந்தக் கட்டத்தில் பேச வேண்டும்?

கேள்வி:
வடசென்னையில் 1970களில் கட்டப்பட்ட மூன்று மாடிக் குடியிருப்பில் என் பெற்றோர் வாழ்கிறார்கள். தூண்களில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதால், இடித்துக் கட்டுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. விரைவில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவுள்ளது. இத்தகைய நகர்ப்புறச் சீரமைப்பில் மக்களின் குரலால் உண்மையில் எதை மாற்ற முடியும்? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு பேசினால் பலவற்றை மாற்றலாம். பணியாணை வழங்கப்பட்ட பிறகு பேசினால் சுவரின் வண்ணத்தை மாற்றுவதே கடினம். ஆகவே முதலில் தள வரைபடத்தைக் கேளுங்கள். மூன்று மாடியில் வாழ்ந்தவர்கள் பத்தாவது மாடிக்குச் செல்லும்போது லிஃப்ட் பழுதானால் யார் பொறுப்பு, மாதப் பராமரிப்புத் தொகை எவ்வளவு, மீன் விற்கும் பெண்கள் கூடையையும் ஐஸ் பெட்டியையும் இரவில் எங்கே வைப்பார்கள், தள்ளுவண்டிகள் எங்கே நிற்கும் என்பவற்றையெல்லாம் அங்கே வாழ்பவர்களைத் தவிர வேறு யாரும் எடுத்துச் சொல்லப் போவதில்லை.

பயனாளிகள் பட்டியலும் அதே அளவுக்கு முக்கியம். தாத்தாவின் பெயரில் ஒதுக்கீட்டு ஆணை இருக்க, பேரன்களின் குடும்பங்கள் ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழ்வது நம் பகுதிகளில் சாதாரணம். பட்டியலை ஒவ்வொரு படிக்கட்டின் அடியிலும் ஒட்டச் சொல்லுங்கள். விடுபட்டவர்கள் இடிப்பதற்கு முன்பே முறையிட அது உதவும்.

பதில் 2:
கூட்டத்துக்கு யார் அழைக்கப்படுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சியோல் நகரில் மேம்பாலச் சாலையை இடித்து, 2003 முதல் 2005 வரை சொங்கேசொன் ஓடையை ஏறத்தாழ 5.8 கிலோமீட்டருக்கு மீட்டெடுத்த பணியை உலகமே பாராட்டுகிறது. கடைக்காரர்களுடன் மாநகராட்சி பலமுறை பேசியது உண்மைதான். ஆனால் தெருவோர வியாபாரிகளில் பலர் தொங்தேமுன் விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட, அவர்கள் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. ஆவணமில்லாத வாடகைதாரர்களுக்கும் நடைபாதைக் கடைக்காரர்களுக்கும் உங்கள் கூட்டத்தில் நாற்காலி வேண்டும்.

பதில் 3:
வாய்மொழி வாக்குறுதியை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் நகர்ப்புற வார்டு குழுக்களுக்கும், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக்களுக்கும் 2022இல் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. கோரிக்கைகளை அங்கும் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். கட்டுமானக் காலத்துக்கான வாடகை உதவி, திரும்பக் குடியேறும் தேதி, தாமதமானால் அந்த உதவி தொடருமா என்ற மூன்றையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, கையொப்பமிட்ட நகலைப் பெற்றுக்கொண்ட பிறகு வீட்டைக் காலி செய்யுங்கள்.