ஈல் மார்ஷ் வீட்டுக்கு இரண்டாம் முறை போன அனுபவம்

இரண்டாம் பாகத்தை நம்பி உட்கார்ந்து ஏமாந்த கதைகளை இந்தப் பக்கத்தில் ஒவ்வொருவராகச் சொல்லிவருவதால், ‘தி வுமன் இன் பிளாக்’ என்ற பேய்ப் படத்தின் தொடர்ச்சியான ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ என்னை ஏமாற்றிய விதத்தையும் எழுதிவைக்கிறேன். இரண்டு படங்களின் முடிவையும் தொட்டுப் பேச வேண்டியிருப்பதால், பார்க்காதவர்கள் இதைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

முதல் படத்தை நான் பார்த்தது ஒரு கோடை இரவில். 2012-இல் ஜேம்ஸ் வாட்கின்ஸ் இயக்கத்தில், ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்கிளிஃப் நடித்து வெளிவந்த படம் அது. மனைவியை இழந்த இளம் வழக்கறிஞர் ஆர்தர் கிப்ஸ், இறந்துபோன ஒரு மூதாட்டியின் காகிதங்களைச் சரிபார்க்கச் சதுப்பு நிலத்தின் நடுவே நிற்கும் ஈல் மார்ஷ் வீட்டுக்குப் போகிறார். கடல் ஏறினால் பாதை மூழ்கிவிடும், வடியும்வரை அவர் அங்கேதான் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டு மின்விசிறி சுழலும்போது கிறீச்சிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வியர்வையில் நனைந்தபடியேதான் முழுப் படத்தையும் பார்த்தேன். அந்த வீட்டுக்குள் கிப்ஸ் தனியாக இருக்கும் நீண்ட பகுதியில் பேச்சே ஏறக்குறைய இல்லை. பூட்டிக் கிடக்கும் குழந்தை அறையை உடைப்பதற்குக் கோடரி எடுத்துவரக் கீழே இறங்கிப் போகிறார். திரும்பி வரும்போது கதவு தானாகத் திறந்திருக்கிறது. பேயைக் காட்டாமலேயே, திறந்த கதவு ஒன்றைக் கொண்டு என் முதுகைச் சில்லிட வைத்த காட்சி அது. சாவி கொடுத்தால் ஆடும் பழைய பொம்மைகளின் கண்ணாடி விழிகளை அருகில் காட்டும்போது, அவை எதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நாமும் திரும்பிப் பார்த்துவிடுவோம்.

டாம் ஹார்ப்பர் இயக்கிய இரண்டாம் பாகம் 2015 சனவரி முதல் நாளில் இங்கிலாந்தில் வெளியானது. கதை நடக்கும் ஆண்டு 1941. இலண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்த காலம். நகரத்துக் குழந்தைகளைப் பாதுகாப்புக்காகக் கிராமப்புறங்களுக்கு அனுப்பிவைத்தது வரலாறு. அப்படி அனுப்பப்பட்ட ஒரு குழு, ஈவ் பார்க்கின்ஸ் என்ற இளம் ஆசிரியையுடனும் கண்டிப்பான தலைமை ஆசிரியையுடனும் அதே வீட்டில் வந்து தங்குகிறது. குண்டுவீச்சில் பெற்றோரை இழந்து பேச்சை நிறுத்திவிட்ட எட்வர்ட் என்ற சிறுவனை, அந்த வீட்டின் பேயான கறுப்பு உடைப் பெண் பற்றிக்கொள்கிறாள். காகிதத்தில் படித்தபோது முதல் படத்தைவிடச் சிறந்த கருவாகவே எனக்குத் தோன்றியது, அதனால்தான் ஏமாற்றமும் பெரிதாக இருந்தது. வீடு நிறையப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், வந்துபோகும் ஒரு விமானி என்று ஆள் நடமாட்டம் மிகுந்த பிறகு, அந்த வீட்டின் தனிமை போய்விட்டது. தனிமை போனபின் இருட்டு வெறும் இருட்டாகவே மிஞ்சியது. திரையில் உருவங்களே தெரியாத அளவுக்கு மங்கலாக எடுத்திருக்கிறார்களே தவிர, அந்த மங்கலுக்குள் எதுவும் காத்திருக்கவில்லை. அரை மணி நேரத்தில் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டுவிட்டேன். கிறீச் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது, இடையூறாகவே இல்லை.

*

மேலே எழுதிய நண்பருக்கு: நான் இலண்டனில் வசிப்பவன்; படங்களுக்கு முன்பே இக்கதையை நாடகமாகப் பார்த்தவன். சூசன் ஹில் 1983-இல் எழுதிய நாவலை ஸ்டீஃபன் மல்லாட்ராட் நாடகமாக்கினார். அது ஃபார்ச்சூன் அரங்கில் 1989 முதல் 2023 வரை 13,000-க்கும் அதிகமான முறை நடந்தது. பேசி நடிப்பவர்கள் இரண்டே பேர். ஒரு பிரம்புப் பெட்டிதான் அவர்களுக்குக் குதிரை வண்டி. நான் போன அன்று எனக்கு முன்வரிசையில் ஒரு பள்ளிக் கூட்டமே அமர்ந்து, தொடக்கத்தில் தின்பண்ட உறைகளைச் சரசரத்துக்கொண்டிருந்தது. குழந்தை அறைக் காட்சி வந்தபோது அந்த வரிசையிலிருந்து மூச்சு விடும் ஓசைகூட வரவில்லை. இல்லாத வண்டியையும் இல்லாத நாயையும் நம்மையே கற்பனை செய்ய வைத்துவிட்டவர்களுக்கு, பேயை நம்ப வைப்பது எளிதாகிவிடுகிறது.

நீங்கள் சொன்ன தனிமையோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். முதல் படத்தில் பாதி அச்சத்தைத் தருபவர்கள், அந்த வீட்டை அடுத்திருக்கும் கிரைதின் கிஃப்போர்டு ஊர்க்காரர்கள். ஜன்னலை மூடுகிறார்கள், பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள், அந்நியனை அடுத்த ரயிலில் ஏற்றிவிடத் துடிக்கிறார்கள். கறுப்பு உடைப் பெண் யார் கண்ணிலாவது பட்டால் ஊரில் ஒரு குழந்தை சாகும் என்ற விதி அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அந்த ஊர் ஆளரவமற்றுப் பாழடைந்து கிடக்கிறது. மிஞ்சியிருப்பவர் பார்வையற்ற ஒரு மனிதர் மட்டும். அஞ்சுவதற்கு ஊரே இல்லாமல் போனபின் விதியும் தளர்ந்துவிடுகிறது. எட்வர்டைத் துன்புறுத்திய பையன் இறக்கும்போது, அவள் பழிவாங்கும் தாயா, அச்சிறுவனின் காவலாளியா என்பதே குழப்பமாகிவிடுகிறது.

தணிக்கையிலும் ஒரு வேடிக்கை உண்டு. முதல் படத்துக்குச் சில நொடிகளை வெட்டி, ஒலியைக் குறைத்து, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களோடு வந்து பார்க்கலாம் என்னும் ‘12ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். ஹாரி பாட்டரைப் பார்க்க வந்த பிள்ளைகள் அலறியடித்து ஓடியதில், அவ்வாண்டில் தணிக்கை வாரியத்துக்கு மிகுதியான புகார்களைப் பெற்றுத்தந்த படம் அதுவாயிற்று. இரண்டாவதற்கு, பதினைந்து வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்னும் ‘15’ கொடுத்தார்கள். யாரும் அலறியதாகத் தெரியவில்லை. வசூலும் அப்படியே: முதலாவது உலகெங்கும் 12 கோடி டாலரைத் தாண்டியது, இரண்டாவது 5 கோடியை எட்டவில்லை.

*

நான் இருவரிடமிருந்தும் சற்று மாறுபடுகிறேன். ஃபீபி ஃபாக்ஸ் நடித்த ஈவ் பாத்திரத்துக்காகவே இரண்டாம் பாகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கறுப்பு உடைப் பெண்ணான ஜென்னட்டின் மகனை அவளுடைய சகோதரி எடுத்துக்கொண்டாள், அவன் சதுப்பில் மூழ்கிப்போனான். ஈவும் தான் பெற்ற குழந்தையைக் கைவிட நேர்ந்தவள். பேயும் நாயகியும் ஒரே புண்ணைச் சுமப்பவர்கள் என்ற எண்ணம் முதல் படத்தில்கூட இல்லை. எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த ஆசிரியையிடம் தலைமை ஆசிரியையாக வரும் ஹெலன் மெக்ரோரி காட்டும் எரிச்சல், எனக்குத் தெரிந்த ஒரு விடுதிக் காப்பாளரை அப்படியே நினைவூட்டியது.

எனக்கு மனம் பொறுக்காதது வேறிடத்தில். துணிவிழந்த அந்த விமானி காவல் காப்பது ஒரு போலி விமானத்தளம். எதிரியின் குண்டுகளைத் திசைதிருப்புவதற்காகப் பொய் விமானங்களை நிறுத்தி, இரவில் விளக்குகளை எரியவிட்டு இங்கிலாந்து உண்மையாகவே இத்தகைய தளங்களை அமைத்தது. குண்டு தன்மீது விழ வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட இடம், பறக்காத விமானங்கள், பறக்க அஞ்சும் விமானி: ஒரு பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆசிரியையும் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்ந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சில நிமிடங்களில் அவ்விடத்தை விட்டுவிட்டு, மீண்டும் சதுப்புக்கு ஓடி, விமானியைத் தண்ணீருக்குள் இழுத்து, பிறகு இலண்டனில் இன்னொரு திடுக்கிடலை வைத்துப் படத்தை முடித்துக்கொண்டார்கள். கிப்ஸ் தன் மகனோடு ரயில் தண்டவாளத்தில் இறக்கும் முதல் படத்து முடிவுக்குப் பிறகு நான் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. இதில் பெயர்கள் ஓடத் தொடங்குமுன்பே என் தம்பி விளக்கைப் போட்டு, “சோறு இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டான்.