பொருள்: மெயின்டெய்னர், ஆர்ஃபன், அடாப்ட் – தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் டெபியன் (தன்னார்வலர்கள் நடத்தும் கட்டற்ற இயங்குதளம்) பொதி, அதாவது மென்பொருள் பேக்கேஜ், கட்டுவது பற்றிப் பயிலரங்கு. பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கையேட்டில் இந்தப் பத்தியில் நிற்கிறேன்:

"ஒரு பொதியின் பராமரிப்பாளர் இனித் தன்னால் இயலாது என்று அறிவித்தால் அது அநாதைப் பொதி ஆகிறது. பராமரிப்பாளர் பெயர் இருந்த இடத்தில் தர உறுதிக் குழுவின் முகவரி வரும். விருப்பமுள்ளவர் அதைத் தத்தெடுக்கலாம்."

அநாதைப் பொதி என்று வாசித்ததும் வகுப்பு சிரிக்கும். மாற்று உண்டா? வெள்ளி இரவு கையேடு அச்சுக்குப் போகிறது.

ம. எழுதியது:

பராமரிப்பு, அநாதை, தத்து. ஒரே பத்தியில் மூன்று வடசொல்! பராமரிப்பாளருக்குப் பேணுநர் என்க. பேண் பகுதி, நர் விகுதி. ஓட்டுநர், இயக்குநர் இருக்கும்போது இது மட்டும் ஏன் நெருட வேண்டும்? பேணுதலில் காப்பதோடு விரும்புவதும் அடக்கம். கூலியில்லாமல் செய்கிறவருக்கு வேறு எந்தச் சொல் இத்தனை பொருந்தும்? அநாதைக்கு ஏதிலி, தத்தெடுப்புக்கு மகவேற்பு. பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் கூட்டிப்போய் "யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்" என்றாரே (புறம் 201), அதுதான் மகவேற்பு.

வ. எழுதியது:

ஐயா, ஏதிலி வேண்டாம். எங்கட பக்கம் ஏதிலி என்றால் அகதி. அந்தச் சொல்லைச் சுமந்த சனம் இன்னும் இருக்கு, அதை ஒரு மென்பொருளின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கபிலரைப் பற்றியும் ஒன்று. அவர் அந்தப் பெண்களைத் தன்னோடு வைத்துக்கொள்ளவா கூட்டிப் போனார்? மணம் முடித்துக் கொடுக்க விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார், இருவரும் மறுத்தார்கள். டெபியன் கணக்கில் அது ஐடிஏ இல்லை, ஆர்எஃப்ஏ. "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்ற அறிவிப்பு அல்ல, "யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வேண்டுகோள்.

ர. எழுதியது:

நான் சில பொதிகளைப் பார்த்துக்கொள்கிறவன். என் கவலை வேறு. உரிமை வாடை அடிக்கிற சொல் வேண்டாம். சண்டையே அங்கேதான் தொடங்குகிறது. 1.2-3 என்ற பதிப்பில் அவசரப் பிழை ஒன்றைத் திருத்தி வேறொருவர் பதிவேற்றினால் அது 1.2-3.1 ஆகும். அந்தப் புள்ளி ஒன்றைப் பார்த்ததும் "என் பொதியை யார் தொட்டது" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நீண்டகாலம் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பொதியை மீட்க நினைப்பவர் முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இந்த மனத்தாங்கலுக்காகத்தான்.

காத்திருப்பதிலும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை தெரியும்தானே? தனியாளாகச் சுமந்தவரை 2022இல் மடற்குழுவில் சிலர் தாமதம், தாமதம் என்று நெருக்கினார்கள். ஒட்டு ஒட்டாக (ஒட்டு என்றால் பேட்ச், நிரல் திருத்தம்) அனுப்பி நல்ல பெயர் வாங்கியிருந்த புதியவர் துணைப் பொறுப்புக்கு வந்தார். 2024 மார்ச்சில் அவர் ஒளித்துவைத்த பின்கதவு (ரகசிய நுழைவழி) வெளிப்பட்டது. கைமாறும் நேரம்தான் ஆபத்தான நேரம். அதனால் பொறுப்பு என்ற சொல் உள்ளே இருக்கட்டும்: பொறுப்பாளர், பொறுப்பேற்றல், பொறுப்புத் துறத்தல். மாணவருக்கும் புரியும்.

ம. எழுதியது:

உரிமை வாடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆளர் விகுதியைப் பிடித்துக்கொள்கிறீர்கள்! ஆளுதல் அதில் இல்லையா? தவிர, பொறுப்பாளர் என்றால் சுவரொட்டியில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் மாவட்டப் பொறுப்பாளர்தான் கண்முன் வருகிறார்.

ர. எழுதியது:

தொழிலாளர் எதை ஆளுகிறார், ஐயா?

த. எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்ஸ்ட்ரீமுக்கு (மென்பொருளை முதலில் எழுதுவோர்) தலைமடை, டவுன்ஸ்ட்ரீமுக்கு (அதை வாங்கிப் பொதியாக்குவோர்) கடைமடை என்று வைத்தால் என்ன? டெல்டாக்காரன் என்ற முறையில் ஆசை.

வ. எழுதியது:

கடைமடையில் இருந்து தலைமடைக்கு ஒட்டு அனுப்புவோமே, தண்ணீர் மேலே ஏறுமோ? தனி இழை தொடங்குங்கோ தம்பி.

செ. எழுதியது:

நன்றி. மணி ஒன்பதாகிறது, அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். பராமரிப்பாளரை மாற்றவில்லை, இடைமுகத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்த சொல். அடாப்ட் என்பதற்குப் பொறுப்பேற்றல், இதை ம. ஐயா தவிர யாரும் மறுக்கவில்லை. ஆர்ஃபன் என்பதற்குக் கைவிடப்பட்ட பொதி என்று போடட்டுமா?

ர. எழுதியது:

அது பழி சுமத்துகிறது. முறையாக அறிவித்துவிட்டு விலகியவர் கைவிட்டவர் ஆகமாட்டார். சொல்லாமல் காணாமல் போகிறவர்கள் வேறு வகை, அவர்களைத் தேட டெபியனில் தனிக் குழுவே உண்டு.

த. எழுதியது:

ஆளில்லாப் பொதி? ஆளில்லா ரயில்வே கேட் மாதிரி.

செ. எழுதியது:

சரி, ஆளில்லாப் பொதி. அனுப்பிவிட்டேன். பேணுநரை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன், ஐயா.

ம. எழுதியது:

அடிக்குறிப்பைப் பார்த்தேன். 'பொதிப் பேணுநர்' என்று ஒற்று மிகுத்திருக்கிறீர்கள். பொதியைப் பேணுநர் என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை அது, ஒற்று மிகாது. மிகுத்தால் பொதியினது பேணுநர் என்று ஆறாம் வேற்றுமை ஆகிவிடும். யார் யாருக்கு உடைமை என்ற கேள்வியை ர. கிளப்பியதால் சொல்கிறேன்: பொதி பேணுநர் என்பதே என் வாக்கு. பெரும்பான்மைக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிந்துகொள்க.