பிஜித் தீவின் திருவிழாக்கள்: பெற்றோரை எந்த மாதத்தில் அழைத்துச் செல்வது?

கேள்வி: பொருநைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். ஈராண்டு ஒப்பந்தப் பணிக்காக வரும் ஜனவரியில் பிஜித் தீவின் தலைநகரான சுவாவுக்குக் குடிபெயர இருக்கிறேன். என் பெற்றோர் ஒரு முறை அங்கு வந்து மூன்று வாரம் தங்கிச் செல்ல விரும்புகின்றனர். அப்பாவுக்கு எழுபது வயது ஆகிறது. கடற்கரை விடுதி, படகுச் சவாரி போன்றவற்றில் அவருக்கு நாட்டமில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கொரு முறை திரண்டு கூடும் இடம் எதுவோ அங்கே அழைத்துப் போனால் போதும் என்கிறார். அம்மா எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூக்குழியை ஓராண்டும் தவறவிட்டதில்லை. பிஜியிலும் தீமிதி உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

இணையத்தில் தேடியதில் குழப்பமே மிஞ்சியது. ஒரு பக்கம் தீமிதி ஜூலையில் என்கிறது, இன்னொன்று ஆகஸ்டில் என்கிறது, மூன்றாவதோ விடுதிகளில் வாரந்தோறும் நடைபெறுகிறது என்கிறது. இவற்றில் எது சரி? ஒரே ஒரு பயணத்துக்குத்தான் விடுப்பும் பணமும் இடம் தரும் என்பதால், எந்த மூன்று வாரத்தைத் தேர்வது என்று அங்கு வாழ்ந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: செம்பருத்தி

ஐயா, சுவாவில் பதினோர் ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் தயக்கமின்றிச் சொல்கிறேன்: ஆகஸ்டை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த மூன்று பக்கங்களும் பொய் சொல்லவில்லை. முதல் இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளின் தேதியைச் சொல்லியிருக்கும். மூன்றாவது முற்றிலும் வேறொரு சடங்கைச் சொல்கிறது.

சுவாவில் ஹாவெல் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலில் தீமிதி, நம் ஆடி மாதக் கணக்கை ஒட்டி, ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரும். மற்ற ஊர்களின் அம்மன் கோயில்கள் தத்தம் நாளைத் தாமே குறித்துக்கொள்கின்றன. ஆகவே தேதியைக் கோயிலாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே விமானச் சீட்டு எடுங்கள். நான் முதல் ஆண்டில் ஒரு பயணக் கையேட்டை நம்பிப் போய், முந்தின ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்ட செய்தியை அங்கு வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடமிருந்து அறிந்து திரும்பினேன்.

நேர்ந்துகொண்டவர்கள் பத்து நாள் கோயிலிலேயே தங்கி, மரக்கறி மட்டும் உண்டு விரதம் காப்பார்கள். கடைசி நாளன்று கடற்கரைக்குச் சென்று நீராடி, மஞ்சள் ஆடை உடுத்தி, முகமெல்லாம் மஞ்சள் பூசி, நாவிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டு பறையொலியோடு கோயிலுக்கு நடந்து வருவார்கள். குழிக்கு முன்னால் அம்மன் எழுந்தருளியிருக்க, அவளை வலம் வந்தபின் தணலில் இறங்குவார்கள். நான் முதன்முதலாகப் பார்த்தபோது என் பக்கத்தில் நின்ற அம்மையார் தம் மகன் இறங்கும் முறைக்காகக் காத்திருந்தார். அவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தில் இருந்தவை தமிழ்ப் பாடல்கள்தாம், ஆனால் ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. என்னிடம் அவர் பேசியதோ பிஜி இந்தி. "மாரியம்மா" என்று கூட்டம் குரலெழுப்பிய நேரத்தில் மட்டும் அவருடைய ஒலிப்பில் எங்கள் தஞ்சாவூர்ப் பாட்டியின் சாயல் இருந்தது.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலான லியோனிடாஸ் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1879 மே 14 அன்று பிஜியை அடைந்தது. சென்னையிலிருந்து ஆள் ஏற்றுவது 1903இல்தான் தொடங்கியது. 1916இல் கப்பல்கள் நிற்கும் வரை வந்த அறுபதாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழ 15,000 பேரே தென்னாட்டவர். அவர்களிலும் தமிழரோடு தெலுங்கர், மலையாளிகள் எனப் பலர் இருந்தனர். கால் பங்கினராக இருந்தவர்கள் தோட்டத்துப் பொதுமொழியான இந்திக்கு மாறியதில் வியப்பில்லை. பேச்சு போனபின்னும் பாட்டும் கரகமும் தீக்குழியும் மிஞ்சியதே வியப்பு. அந்த மே 14ஐ நினைவுகூரும் கிர்மிட் நாள் 2023 முதல் பொது விடுமுறையாக இருக்கிறது. 'அக்ரிமெண்ட்' என்ற சொல் கூலிகளின் வாயில் 'கிர்மிட்' ஆனது.

ஆகஸ்டில் மற்றொன்றும் உண்டு. 1956 முதல் நடந்துவரும் செம்பருத்தித் திருவிழா, பள்ளி விடுமுறையை ஒட்டிப் பெரும்பாலும் ஆல்பர்ட் பூங்காவில் கூடும். (என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.) அரசி தேர்வு, ஊர்வலம், ராட்டினம், உணவுக் கடைகள் என நம் ஊர்ப் பொருட்காட்சியை நினைவூட்டும். அரசி தேர்வு உங்கள் அப்பாவுக்கு அலுப்பூட்டலாம். ஆனால் வெளித்தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்து நாள் முழுவதும் கதை பேசுவதை அவர் நிச்சயம் விரும்புவார். ஊர்க்காரர்கள் கூடும் இடம் என்று அவர் கேட்டது இதைத்தான்.

மறுமொழி 2: மேற்குக்கரை

அம்மையார் எழுதியதோடு உடன்படுகிறேன். 'வேறொரு சடங்கு' என்று அவர் ஒரே வரியில் கடந்துபோனதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுகிறார்கள்.

விடுதிகளில் நடைபெறுவது பெங்கா தீவின் சவாவு குலத்தாருக்கு உரிய விலவிலைரேவோ. இதில் தணல் இல்லை. மண்ணைத் தோண்டிய அடுப்பில் விறகடுக்கிப் பல மணி நேரம் சூடேற்றிய கற்களின்மீது நடப்பார்கள். அவர்களுடைய தொன்மத்தின்படி, ஒரு வீரன் ஓடையில் விலாங்கு ஒன்றைப் பிடித்தான். அது ஓர் ஆவித் தலைவனாக உருமாறி, தன்னை விட்டுவிடும்படி கெஞ்சி, நெருப்பை வெல்லும் ஆற்றலை அவனுக்கு ஈடாக அளித்தது. சடங்குக்கு முன் சில நாள் பெண்களை நெருங்கக் கூடாது, தேங்காய் உண்ணக் கூடாது என்பது விதி. தேங்காய் இல்லாமல் அந்தத் தீவில் சமையலே இல்லை என்பதால் இது சிறிய விரதமன்று. முற்காலத்தில் இது அரிதாக நடைபெற்றது. இப்போது பயணிகளுக்காக அட்டவணை போட்டு நடத்தப்படுகிறது. பார்க்கத்தக்கதுதான், ஆனால் அதற்காக மாதம் பார்த்து வர வேண்டியதில்லை.

நீங்கள் சுவாவோடு நின்றுவிடாமல் மேற்கே நாந்திக்கும் வாருங்கள். வரைபடத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து 'நாடி' என்று கேட்டால் பேருந்து நடத்துநருக்குப் புரியாது. பிஜி எழுத்து முறையில் ட ஒலிக்கு முன்னால் ஒரு ந தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெங்காவும் அப்படித்தான், எழுத்தில் அதன் ங தெரியாது. நாந்திக் கடைத்தெருவின் தென்கோடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. இப்போதைய கோபுரத்தோடு கூடிய கட்டடம் 1994இல் குடமுழுக்குக் கண்டது. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் அங்கு காவடியோடு நடைபெறும். இரண்டுமே நவம்பர் முதல் ஏப்ரல் வரையான புயல் பருவத்துக்குள் விழுவதால், எழுபது வயதுப் பெரியவரோடு வருபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆடிக்காலம் அங்கே குளிர்ந்த, மழை குறைந்த பருவம். கரும்பு ஆலைகளின் அரைவைக்காலமும் அதுவே என்பதால், கரும்பு ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் நீங்கள் ஊர்ந்துதான் வர வேண்டியிருக்கும். ஜூலையில் நாந்தியில் புலா விழாவும், செப்டம்பரில் லௌடோகாவில் சர்க்கரை விழாவும் வரும். இவை செம்பருத்தி விழாவின் தம்பிகள் போன்றவை. ஒன்றைப் பார்த்தால் போதும்.

பொருநைக்கரையான்

இருவருக்கும் நன்றி. விலவிலைரேவோ பற்றி நான் படித்ததைத்தான் தீமிதி என்று எண்ணிக் குழம்பியிருக்கிறேன். ஒரு சிறு கேள்வி: தீபாவளியைக் கருதி அக்டோபரில் வருவது மேலா? அலுவலகத்தில் எனக்கு விடுப்புக் கிடைக்க அதுவே எளிது.

மறுமொழி 3: அலைவாய்

அக்டோபருக்காக வாதாட ஒருவராவது வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அக்டோபர் 10 பிஜி நாள். 1874இல் தலைவர்கள் தீவுகளை பிரிட்டிஷ் முடியாட்சியிடம் ஒப்படைத்ததும், 1970இல் நாடு விடுதலை பெற்றதும் ஒரே தேதியில் என்பதால், அடிமையானதற்கும் விடுபட்டதற்கும் அந்நாட்டில் ஒரே நாள்தான். 1938இல் தொடங்கிய மாவட்டங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டியும் அந்நாளை ஒட்டியே நடைபெறும். அதை விளையாட்டு என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். வெளிநாட்டில் குடியேறிய பிஜி இந்தியர்கள் அந்த ஒரு வாரத்துக்காகவே விமானம் ஏறி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளி அங்கே பொது விடுமுறை. இந்து அல்லாத அண்டை வீட்டாருக்கும் தட்டில் இனிப்பு போகும். என் எதிர் வீட்டு பிஜிப் பூர்வகுடிக் குடும்பத்தார் எங்களுக்கு முன்பே மாடி முழுவதும் வண்ண விளக்குக் கட்டிவிடுவார்கள்.

இவை தவிர யாரும் ஏற்பாடு செய்யாத ஒரு திருவிழாவும் உண்டு. பிஜியின் பழைய நாள்காட்டியில் அக்டோபர் சிறு பலோலோ மாதம், நவம்பர் பெரு பலோலோ மாதம். பலோலோ என்பது பவளப்பாறையில் வாழும் ஒரு கடற்புழு. ஆண்டு முழுவதும் பாறைக்குள் ஒளிந்திருப்பது, முழுநிலவு கழிந்து தேய்பிறை பாதியாகும் நாளையொட்டி விடியலுக்கு முன் தன் உடலின் பின்பாதியை விடுவித்து, கடல்பரப்பு முழுவதையும் பச்சையும் பழுப்புமாக நெளியச் செய்யும். மக்கள் படகிலும் முழங்கால் நீரிலும் நின்று வலையாலும் வாளியாலும் அள்ளுவார்கள். வெயில் ஏறினால் எல்லாம் கரைந்துவிடும். வறுத்துத் தந்ததை உண்டு பார்த்தேன். உப்பிட்ட கீரையும் மீன் முட்டையும் கலந்தது போலிருந்தது. உங்கள் பெற்றோர் மரக்கறி உண்பவர்களாயின் பார்த்தால் போதும்.

மறுமொழி 4: செம்பருத்தி

அலைவாய் எழுதியது அனைத்தும் உண்மை. இருப்பினும் தீபாவளியையும் கால்பந்தையும் வேறோர் ஆண்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஈராண்டு அங்கேதானே இருக்கப் போகிறீர்கள். அம்மா கேட்டது தீமிதி. அது அக்டோபரில் சுவாவில் கிடைக்காது. விடுப்புக் கடினமாயினும் ஆகஸ்டுக்கே கேட்டுப் பாருங்கள்.

சில நடைமுறைச் செய்திகள். சுவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். மழை குறைந்த மாதம் என்பதை நம்பிக் குடையில்லாமல் கிளம்ப வேண்டாம். விழா வீடுகளில், இந்தியர் வீடாயினும், யங்கோனா கிண்ணம் சுற்றி வரும். வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்த பானம் அது. நிறம் சேற்றுநீர் போலிருக்கும், நாக்கு சற்று மரத்துப்போகும். கொட்டாங்கச்சியை வாங்குமுன் ஒரு முறை கை தட்டி, "புலா" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபின் மூன்று முறை தட்ட வேண்டும். அப்பாவுக்கு இரத்த அழுத்தத்துக்கோ வேறெதற்கோ மருந்து நடந்துகொண்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தால் யாரும் வருந்த மாட்டார்கள்.

தீமிதி நாளன்று கடற்கரையிலிருந்து ஊர்வலத்தோடு நடக்க அவரால் இயலாது. நீங்கள் அம்மாவோடு நடந்து வாருங்கள். அப்பாவை வாடகை வண்டியில் முன்கூட்டியே கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள். குழியின் காற்று வீசும் பக்கம் நின்றால் புகை கண்ணைக் கரிக்கும். அங்குள்ள பெண்களிடம் ஒரு நாற்காலி கேட்டால் எதிர்ப்பக்கத்தில் போட்டுக் கொடுப்பார்கள், எந்த ஊர் என்றும் கட்டாயம் கேட்பார்கள்.