செடர் மேசையில ஆபரா, என் கால்கிட்ட விழுந்த மட்சா துண்டு

கூட வேலை பாக்குற யூத அம்மா ஒருத்தங்க கூப்டு ப்ரூக்ளின்ல ஒரு செடர் விருந்துக்குப் போயிருந்தேன், விருந்துக்கு நடுவுலயே ஒரு ஆபராவும், அதாவது பாட்டாவே நடத்துற இசை நாடகமும், உண்டு. பைபிள்ல பஸ்கான்னு வருதே, அந்தப் பண்டிகையோட ராத்திரி சாப்பாடு. நெசமான செடர் ராத்திரியில வாத்தியம் வாசிக்கிறது அவங்க முறைப்படி கூடாதாம், அதனால ஒரு வாரம் முன்னாடியே வச்சிருந்தாங்க.

மேடைன்னு ஒண்ணு கிடையாது. நீளமா ஒரே மேசை, முப்பது பேர் இருப்போம், அதுல யார் பாடகர் யார் விருந்தாளின்னே தெரியாது. கொத்தமல்லி மாதிரி இருக்குற பார்ஸ்லி தழைய உப்புத் தண்ணியில தொட்டுத் தின்னோம், எகிப்துல யூதங்க அடிமையா இருந்தப்ப விட்ட கண்ணீராம் அது. எகிப்துக்காரங்க மேல கடவுள் அனுப்பினதா பைபிள்ல வர்ற பத்து வாதையோட பேரைச் சொல்லச் சொல்ல ஒயின்ல விரலை விட்டு ஒவ்வொரு சொட்டா தட்டுல வச்சோம், எதிரி பட்ட பாட்டுக்காக நம்ம சந்தோஷத்துல கொஞ்சம் குறைச்சுக்கணும்னு அந்தம்மா சொன்னாங்க, அது எனக்கு அவ்ளோ பிடிச்சிருந்துச்சு.

மட்சா, அதான் புளிப்பில்லாத அப்பம், அதைப் பிட்டுக் குடுக்குற நேரத்துல தலைமாட்டுல உக்காந்திருந்த பெரியவர் எந்திரிச்சு பாட ஆரம்பிச்சாரு பாருங்க, அப்பதான் ஆபரா தொடங்கிருச்சுன்னே தெரிஞ்சுது. 1835ல பாரிஸ்ல அரங்கேறின லா ஜூவ், அலெவி இசையமைச்சது, அதோட ரெண்டாவது அங்கமே ஒரு செடர் மேசையிலதான் ஆரம்பிக்குது. கதை 1414ல கான்ஸ்டன்ஸ் நகரத்துல நடக்குது, எலெயாசர்னு ஒரு பொற்கொல்லர், மக ராகேல், யூதன் மாதிரி வேஷம் போட்டு அவளைக் காதலிக்கிற இளவரசன் லியோபோல்ட்.

எனக்கு வலது பக்கம் இருந்தவரை நான் விருந்தாளின்னுதான் நெனச்சேன். எல்லாரும் மட்சாவ கடிக்கிறப்ப அவர் மட்டும் துண்டை மெதுவா மேசைக்குக் கீழ விட்டாரு, என் ஷூ மேல விழுந்துச்சு. எடுத்துக் குடுக்கலாம்னு குனிஞ்சு நிமிர்றேன், எதிர்ல ஒரு பொண்ணு அவரையே பாத்துட்டு இருக்காங்க. அவங்கதான் ராகேல், இவர்தான் யூதன் வேஷத்துல இருக்குற லியோபோல்ட். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

உடனே கதவை டம் டம்னு தட்டுற சத்தம். மெழுகுவத்திய அணைச்சாங்க, தட்டெல்லாம் துணி போட்டு மூடினாங்க, பெரியவர் சைகை காட்டினதும் நானும் கையில இருந்ததை மடியில ஒளிச்சு வச்சேன். பஸ்கா நேரத்துல குழந்தையக் கொன்னாங்கன்னு பொய்ப்பழி போட்டு யூதங்களைத் தாக்கினது மத்தியகால ஐரோப்பாவுல பல ஊர்ல நடந்திருக்கு, அதைப் படிச்சப்ப வராத பயம் அந்த இருட்டுல வந்துச்சு.

ஆபராவோட முடிவுல ராகேலை கொதிக்கிற கொப்பரையில தள்ளிருவாங்க. அதுவரைக்கும் போகாம அந்த அங்கத்தோட நிறுத்திட்டு விருந்துக்குத் திரும்புனது சரியான முடிவுன்னு நெனைக்கிறேன், இல்லன்னா சாப்பாடு வெறும் செட்டிங் ஆயிருக்கும். லியோபோல்டா பாடினவரும் எங்களோடயே உக்காந்து சாப்ட்டாரு, இந்தத் தடவை மட்சாவ தின்னாரு.

சாப்ட்டு முடிச்சதும் எலியா தீர்க்கதரிசிக்குன்னு ஒரு கிண்ணம் ஒயின் ஊத்தி வச்சு கதவைத் திறக்கணும், அதுதான் வழக்கம். கொஞ்சம் முன்னாடி எல்லாரும் பயந்து நடுங்கின அதே கதவு. ஒரு சின்னப் பொண்ணு போய் அகலமா திறந்து விட்டா, குளிர்காத்து உள்ள வந்துச்சு, ரொம்ப நேரம் யாரும் மூடப் போகல.

யூதங்களோட இன்னொரு பண்டிகையான பூரிம் சாப்பாட்டுலயும் வீட்டுக்குள்ளயே நாடகம் போடுறது பல நூறு வருஷப் பழக்கமாம், பூரிம் ஷ்பீல்ம்பாங்க. அதை நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருந்தா எழுதுங்களேன்.